துக்க வீடும் பலிமேடையும்: நாட்டார் திகில் படங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் நண்பர்கள் சிலர் அவ்வப்போது கூடி, அயல்மொழிப் படங்களைப் பார்த்துப் பேசும் வழக்கம் எங்களுக்கு உண்டு. துக்கம், சமயக் குழு, முறிந்துகொண்டிருக்கும் உறவு ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கும் திகில் படங்களை அண்மையில் வரிசையாகப் பார்த்தோம். அப்போது திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களும் இவை. படங்களின் முடிவுகளை இங்கே மறைக்கவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எந்தப் படங்களை நாட்டார் திகில் என்கிறோம்? பேய்ப் படத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

பேய்ப் படத்தில் இறந்தவர் திரும்பி வருகிறார். நாட்டார் திகிலில் உயிரோடு இருப்பவர்களே போதும். ஊருக்குப் புதியவர் ஒருவர் தனித்த நிலம் ஒன்றுக்குள் வருகிறார். அங்கே வாழ்வோருக்கென்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அந்த நம்பிக்கைக்கு ஒரு சடங்கு இருக்கிறது, அந்தச் சடங்கில் தமக்கு என்ன இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது வந்தவருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. நிலம், தனிமை, பிறழ்ந்த நம்பிக்கை, சடங்கு என்ற இந்தச் சங்கிலியை ஆடம் ஸ்கோவெல் என்ற ஆங்கில எழுத்தாளர் 2017இல் வெளிவந்த தம் நூலில் வகுத்துக் காட்டினார். 1968, 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டனில் வெளிவந்த மூன்று படங்களை இந்த வகையின் மூலவர்களாகக் கருதுவது வழக்கம்.

அந்த மூன்றில் கடைசியானது ராபின் ஹார்டி இயக்கிய ‘தி விக்கர் மேன்’. காணாமற்போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்கு வரும் போலீஸ் அதிகாரி, விளைச்சல் பொய்த்துப்போன அவ்வூருக்கு வேண்டிய பலி தாம்தான் என்பதை அறிகிறார். படத்தில் பேயும் இல்லை, மாயமும் இல்லை. ஆப்பிள் காய்க்கவில்லை என்பதுதான் ஊரின் பிரச்சினை. அடுத்த ஆண்டும் காய்க்காவிட்டால் இவர்கள் உம்மைத்தான் எரிப்பார்கள் என்று அந்த அதிகாரி தீவின் தலைவரைப் பார்த்துச் சொல்லும் இடத்தில், தலைவரின் முகத்தில் ஒரு நொடி ஓடும் மாற்றத்தைக் கவனியுங்கள். இந்த வகைப் படங்களின் முழு அரசியலும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது.

துக்கம் இதற்குள் எப்போது வந்தது?

1973ஆம் ஆண்டுப் படத்தின் போலீஸ் அதிகாரி கடமைக்காக வந்தவர். அவருக்கு இழப்பு ஏதும் இல்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த படங்கள் அந்த இடத்தில் துக்கத்தில் இருப்பவரைக் கொண்டுவந்து நிறுத்தின. இது சிறிய மாற்றமாகத் தெரியலாம். ஆனால் கதையின் பொறியே மாறிவிடுகிறது. கடமைக்கு வந்தவரை ஏமாற்றி அழைத்துவர வேண்டும். துக்கத்தில் இருப்பவரோ தாமாகவே கைப்பிடித்து வருவார், ஏனெனில் அவர் தேடுவது யாராவது ஒருவர் தம் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை மட்டுமே.

அரி ஆஸ்டர் இயக்கிய ‘ஹெரெடிட்டரி’ (2018) இதை மிக நுட்பமாகச் செய்கிறது. தாயின் இறுதிச் சடங்கில் பேச எழும் ஆனி, முன்பின் பார்த்திராத முகங்கள் இத்தனை வந்திருப்பது வியப்பாக இருக்கிறது என்கிறாள். நம் ஊரில் இழவு வீட்டுக்குத் தெரியாதவர் வந்தால் ‘நீங்க யாரு, என்ன உறவு முறை’ என்று எவராவது ஒரு பெரியம்மா கேட்டுவிடுவார். அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. பின்னர் துக்கப்பட்டோர் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றுக்கு ஆனி போகத் தொடங்குகிறாள். கணவனிடம் சினிமாவுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்தக் கூட்டத்தின் வாசலில்தான், இறந்த தாயின் ரகசியச் சமயக் குழுவைச் சேர்ந்த ஜோன் என்ற பெண் அன்போடு அவளைப் பிடித்துக்கொள்கிறாள். அழிவு வீட்டுக்குள் நுழையும் வழி அந்த அன்புதான். என் கணக்கில் அந்தப் படத்தின் மிகப் பயங்கரமான இடம், பலரும் சொல்லும் கார் விபத்தன்று. மனைவி தன் துக்கத்தைக் கணவனிடம் கொண்டுபோக முடியாமல் அந்நியப் பெண்ணிடம் கொண்டுபோகும் அந்தச் சாதாரணப் பொய்தான்.

‘மிட்சம்மர்’ படத்தில் பெண்கள் சேர்ந்து கதறும் காட்சி ஏன் சிலருக்கு அச்சமாகவும் நமக்கு ஆறுதலாகவும் தெரிகிறது?

எங்கள் வட்டத்தில் அதிக நேரம் விவாதிக்கப்பட்ட காட்சி இதுதான். முதலில் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். டேனி என்ற அமெரிக்க மாணவியின் தங்கை, காரின் புகையை வீட்டுக்குள் செலுத்திப் பெற்றோரையும் கொன்று தானும் இறக்கிறாள். டேனியை விட்டு விலகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காதலன் கிறிஸ்டியன், இப்போது விலகவும் முடியாமல் தாங்கவும் முடியாமல், தன் நண்பர்களோடு சுவீடனில் ஹோர்கா என்ற சிற்றூரின் கோடை விழாவுக்கு அவளையும் அழைத்துச் செல்கிறான். புளோரன்ஸ் பியூ டேனியாக நடித்த இந்தப் படமும் ஆஸ்டர் இயக்கியதே, 2019இல் வந்தது.

தொடக்கத்தில் டேனி கிறிஸ்டியனின் மடியில் கிடந்து ஓலமிடுகிறாள். அவன் கை அவள் முதுகில் இருக்கிறது, முகம் வேறெங்கோ இருக்கிறது, சன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது. படத்தின் இறுதிப் பகுதியில், கிறிஸ்டியன் வேறொரு பெண்ணோடு சடங்குமுறைக் கூடலில் இருப்பதைச் சாவித் துவாரத்தின் வழியே பார்த்து அவள் நிலைகுலையும்போது, ஹோர்காவின் இளம்பெண்கள் அவளைச் சூழ்ந்து தரையில் அமர்த்தி, முகத்தைக் கைகளில் ஏந்தி, அவள் மூச்சோடு மூச்சு வாங்கி, அவள் கதறும் சுருதியிலேயே கதறுகிறார்கள். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அச்சம் தருவதில்லை. தலைவிரி கோலமாக ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக அமர்ந்து, மூத்தவள் ஓர் அடியை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் இழுத்து முடிக்கும் காட்சி நம் தெருக்களில் நடப்பதுதான். ‘அப்பாடா, இப்போதாவது அவளோடு அழ ஆள் கிடைத்ததே’ என்று எங்களோடு படம் பார்த்த மூத்த பெண்மணி ஒருவர் சொன்னார்.

அந்த நிம்மதியில்தான் இயக்குநர் பொறி வைத்திருக்கிறார் என்பது என் எண்ணம். ஒப்பாரியில் வந்து அமரும் ஒவ்வொரு பெண்ணும் தன் சொந்த இறப்பையும் உடன் கொண்டுவருகிறாள். பக்கத்து வீட்டுக்காரரின் சாவுக்கு அழ வந்தவள், பாட்டின் நடுவில் இருபது ஆண்டுகளுக்கு முன் போன தன் தகப்பனையும் பெயர் சொல்லி அழைத்துவிடுவாள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஹோர்காப் பெண்களுக்கு அழுவதற்குச் சொந்தமாக ஒன்றுமில்லை. அவர்கள் டேனியின் அழுகையைப் பிரதியெடுக்கிறார்கள். துக்கத்தை அவளோடு பகிர்ந்துகொள்ளவில்லை; அவளிடமிருந்து அதை வாங்கி ஊரின் உடைமையாக்கிக்கொள்கிறார்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒப்பாரி முடிந்ததும் பெண்கள் தலைக்குக் குளித்துத் தத்தம் வீட்டுக்குப் போகிறார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்தால் அடுப்பும் வழக்கமும் பழைய நிலைக்கு வருகின்றன. ஹோர்காவில் அழுதவளுக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது. நண்பர்கள் எல்லாரையும் தன் ஊருக்கு அழைத்துவந்த ஹோர்காக்காரன் பெல்லே, கிறிஸ்டியன் உனக்கு வீடுபோலத் தோன்றுகிறானா என்று முன்பே கேட்டு, அந்த இடத்தைக் காலியாக்கி வைத்திருந்தான்.

கிறிஸ்டியன் அந்த முடிவுக்கு உரியவனா? அவன் கொலைகாரன் அல்லவே.

அவன் கொடியவன் அல்லன். காதலியின் பிறந்தநாளை மறப்பவன், எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று கேட்டால் தவறாகச் சொல்பவன், பயணத்தை மறைத்துவிட்டுப் பிடிபட்டதும் அவளையே மன்னிப்புக் கேட்க வைப்பவன். இவை அனைத்தையும் கூட்டினாலும், உயிரோடு கரடித் தோலுக்குள் வைத்துத் தைத்து எரிக்கும் தண்டனைக்கு ஈடாகாது. ஆனாலும் பார்வையாளரில் பலர் டேனியின் இறுதிப் புன்னகையோடு சேர்ந்து புன்னகைக்கிறார்கள். அந்தக் கணத்தில் நம்மையும் அந்த ஊர் சேர்த்துக்கொண்டுவிட்டது. ஒரு மட்டமான காதலனுக்கும் ஒரு கொலைகாரக் கூட்டத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு நம்மைத் தயார் செய்திருப்பதுதான் படத்தின் சாமர்த்தியம்.

அந்த ஊரின் நேர்மை எத்தகையது என்பதைக் காட்ட ஒரு சிறு குறிப்பையும் படம் விட்டுச் செல்கிறது. தாமாக முன்வந்து பலியாகும் ஊர்க்காரர் இருவருக்கு, வலியே தெரியாது என்று சொல்லி ஒரு மரச்சாற்றை நாவில் தடவுகிறார்கள். தீ தொட்டதும் அவர்களில் ஒருவன் அலறுகிறான். வாக்குறுதி பொய். வெளியே நிற்கும் ஊரார் அந்த அலறலையும் உடனே பிரதியெடுக்கத் தொடங்குகிறார்கள். யாரும் அதன் பொருளைக் கேட்பதில்லை. இரண்டாம் முறை பார்ப்போர் அந்த ஓர் அலறலுக்காகக் காதைத் தீட்டிக்கொள்ளலாம்.

காதல் துயரையும் பலிச் சடங்கையும் இணைப்பது நம் இலக்கியத்துக்குப் புதியதா?

இல்லை. சங்கப் பாடல்களின் குறிஞ்சித் திணையில் வெறியாட்டு என்று ஒரு துறையே உண்டு. தலைவனைக் காணாமல் வாடும் பெண்ணைப் பார்த்து, முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று தாய் எண்ணுகிறாள், முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள், கழங்குக் காய்களை உருட்டிக் குறி பார்த்து, ஆட்டுமறியை அறுத்து, இரவெல்லாம் வெறியாடுகிறார்கள். மலை, சடங்கு, பலி, உறவால் வந்த துயரம், அந்தத் துயரத்தைத் தவறாகப் படிக்கும் ஊர் என்று நாட்டார் திகிலுக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருக்கின்றன. குறுந்தொகையின் 362ஆம் பாடலில் தோழி வேலனிடம் ஒரு கேள்வி கேட்கிறாள்: நீ தரும் இந்தப் பலியை, இவளுக்கு நோய் செய்தவனின் மாலையணிந்த மார்பும் உண்ணுமா?

தோழியின் கேள்வி நகைப்பில் பிறந்தது. நோய்க்குக் காரணமானவனைச் சடங்கு எட்டாது என்பது அவளுக்குத் தெரியும். மிட்சம்மரில் சடங்கு அவனை எட்டிவிடுகிறது. அவனே பலியாகிறான். சங்கப் பாடலில் சடங்கு தோற்பதால் நமக்குச் சிரிப்பு வருகிறது. இங்கே சடங்கு வெல்வதால் அச்சம் வருகிறது. அந்தத் தோழியைப் போன்ற ஒருத்தி டேனிக்கு இருந்திருந்தால் படமே இருந்திருக்காது.

முதியவர்கள் பாறையிலிருந்து குதிக்கும் வழக்கம் உண்மையில் இருந்ததா?

72 வயது நிறைந்தவர்கள் ஊரார் முன்னிலையில் மலையுச்சியிலிருந்து குதிப்பதாகப் படம் காட்டுகிறது. இத்தகைய செங்குத்துப் பாறைகளைப் பற்றிய கதைகள் சுவீடனில் உண்டு; ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்பதே ஆய்வாளர் கருத்து. நாம் அதைக் கண்டு அயல்நாட்டுக் கொடுமை என்று திடுக்கிடுவதற்கு முன், தென்மாவட்டங்களில் பேசப்படும் தலைக்கூத்தலை நினைத்துக்கொள்வது நல்லது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் புகட்டி அனுப்பிவைக்கும் அந்த வழக்கத்தில் பாறையும் இல்லை, வெள்ளாடையும் இல்லை, பாட்டும் இல்லை. கொல்லைப்புறமும் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் போதும். 2020இல் வெளிவந்த பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ இதைப் பற்றியது. திகில் படம் என்று எவரும் அதை அழைக்கவில்லை.

அப்படியானால் சேலத்து ஆடித் திருவிழாவும் வெளியூர்க்காரர் கண்ணுக்கு நாட்டார் திகிலாகத் தெரியுமா?

கேமராவை வைக்கும் இடத்தைப் பொறுத்துத் தெரியலாம். பூச்சாட்டில் தொடங்கி, கம்பம் நட்டு, அலகு குத்தி, உருளுதண்டம் போட்டு, குகை மாரியம்மன் கோயிலின் வண்டி வேடிக்கை வரையிலான நாட்களை, மொழி தெரியாத ஒருவர் பின்னணியில் ஓர் உறுமல் ஓசையைச் சேர்த்துப் படமாக்கினால், பார்ப்பவர் நடுங்கத்தான் செய்வார். ஆனால் அது எடுத்தவரின் குற்றம். திருவிழாவில் அடுத்து என்ன நடக்கும் என்பது நோட்டீஸில் தேதி போட்டு அச்சாகியிருக்கிறது. கூழ் குடித்துவிட்டு எவரும் எந்நேரமும் வீட்டுக்குப் போகலாம். வேண்டுதலை முடித்தவர் மறுநாள் கடை திறக்கிறார். மறைவும் திரும்பிப்போக முடியாமையும் இல்லாத இடத்தில் இந்த வகைத் திகில் நிற்காது.

ஏற்காட்டை வைத்து இப்படி ஒரு படம் எடுக்கலாமா?

திரைக்கதை எழுதும் இளைஞர்கள் இதைக் கேட்காத கூட்டம் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள், மாலையில் கண்ணை மறைக்கும் மூடுபனி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய காப்பித் தோட்டங்கள், சேர்வராயன் மலையுச்சியில் குனிந்து நுழைய வேண்டிய குகைச் சன்னிதி என்று காட்சிக்குக் குறைவில்லை. போதாக்குறைக்கு, மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய முகப்பு வளைவு ஏற்காடு சாலையிலேயே நிற்கிறது. சினிமா ஆசை யாரையும் விடாது.

எனக்கு உள்ள மறுப்பு ஒன்றே. பெரும்பாலான வரைவுகளில், கீழே சமவெளியிலிருந்து ஏறும் ஜோடி நாகரிகமானதாகவும், மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடியினர் மர்மமானவர்களாகவும் வருகிறார்கள். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் அந்த மக்கள், மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள். சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் கோடையில் எடுக்கும் விழா ஊரறிந்தது. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் சேலத்துக்குப் பேருந்தில் இறங்கி வருபவர்கள். அவர்களைப் பலியிடும் கூட்டமாகக் காட்டுவது கற்பனை வறட்சி மட்டுமன்று, அநீதியும் கூட. மலைக்கு வெளியாராக வந்தவர்களின் கதை வேறு இருக்கிறது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பின், இந்த மலையில் உண்மையில் தனித்துக் கிடந்தவை தோட்டத்துப் பங்களாக்கள்தாம். பிள்ளையை இழந்த தம்பதி ஒன்று அத்தகைய பங்களாவில் ஒரு வாரம் தங்குகிறது. ஒருவரோடொருவர் பேச முடியவில்லை. மூன்றாம் நாள் ‘மன அமைதி முகாம்’ நடத்தும் நகரத்துக் கூட்டம் ஒன்று கனிவோடு கதவைத் தட்டுகிறது. இந்தக் கதையில் மலைவாசிகள் செய்ய வேண்டியதெல்லாம், அந்தப் பக்கம் போகாதீங்க என்று எச்சரித்து, கேட்கப்படாமல் போவது மட்டுமே.

துக்கத்தில் இருப்பவர்களைக் குழுக்கள் பிடிப்பது நிஜத்திலும் நடக்கிறதா?

நடக்கிறது. முதலில் அளவற்ற அன்பு, பிறகு தூக்கக் குறைவு, பிறகு பழைய உறவுகள்மீது ஐயம், பிறகு கேள்வி கேட்பதே குற்றம் என்ற நிலை. இந்த வரிசையை ஆஸ்டரின் இரு படங்களிலும் காணலாம். குழு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. 2018 ஜூலையில் டெல்லியின் புராரியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 11 பேர் இறந்த நிகழ்வில், மறைந்த தந்தை மகன் வழியாகப் பேசுவதாக நம்பி, கட்டளைகளை நோட்டுகளில் எழுதி ஆண்டுக்கணக்கில் பின்பற்றியது தெரியவந்தது. ஒரு வீட்டின் துக்கமே அந்த வீட்டின் சமயமாகிவிட்டது. அக்கம்பக்கத்தாருக்கு எதுவும் தெரியவில்லை.

தமிழிலும் மலையாளத்திலும் இவ்வகையில் பார்க்கத்தக்கவை எவை?

தமிழ்ப் பேய்ப் படம் பெரும்பாலும் அநியாயமாகக் கொல்லப்பட்டவர் பழிவாங்கும் கதை. அங்கே துக்கம் கோபமாக மாறித் தீர்ந்துவிடுகிறது. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) விலக்கு. மலையாளத்தில் ராகுல் சதாசிவனின் ‘பூதகாலம்’ (2022), பாட்டி இறந்த வீட்டில் தாயும் மகனும் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் தவிப்பதைச் சொல்கிறது. ரேவதியின் நடிப்புக்காகவே பார்க்கலாம். சடங்குக் கூட்டம் அதில் இல்லை, ஆயினும் நம் கேள்விக்கு மிக அருகில் வரும் படம் அது.

அண்மையில் இழப்பைச் சந்தித்தவர்கள் இவற்றைப் பார்க்கலாமா?

வேண்டாம், குறைந்தது இப்போதைக்கு. மிட்சம்மரின் தற்கொலைக் காட்சி முதல் சில நிமிடங்களிலேயே வருகிறது. ஹெரெடிட்டரியில் குழந்தையின் இறப்பும் தாயின் ஓலமும் தாங்கக் கடினமானவை. மனம் நிலைகொள்ளாதவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எந்த வரிசையில் பார்ப்பது? மிட்சம்மரின் எந்த வடிவத்தை எடுத்துக்கொள்வது?

‘தி விக்கர் மேன்’ முதலில். அது இல்லாமல் மற்றவற்றின் விளையாட்டு புரியாது. அடுத்து ஹெரெடிட்டரி, பிறகு மிட்சம்மர். கடைசியில், வால்டிமார் யோஹான்சனின் ஐஸ்லாந்துப் படமான ‘லாம்ப்’ (2021). குழந்தையை இழந்த தம்பதி, ஆட்டுத்தலையும் மனித உடலுமாகப் பிறந்த குட்டியைத் தம் மகளாக வளர்க்கிறார்கள். வாசலில் நின்று கத்தும் தாயாட்டை அந்தப் பெண் சுட்டுக் கொல்கிறாள். இதில் சமயக் குழுவே இல்லை, இரண்டு பேரின் மௌன ஒப்பந்தம்தான் குழு.

மிட்சம்மர் திரையரங்க வடிவில் 147 நிமிடம், இயக்குநர் வடிவில் 171 நிமிடம். நீண்ட வடிவில், சிறுவன் ஒருவனை ஏரியில் பலியிட முனையும் இரவுச் சடங்கும், அதைத் தொடர்ந்து டேனிக்கும் கிறிஸ்டியனுக்கும் நடக்கும் வெளிப்படையான சண்டையும் உண்டு. உறவு முறிவதில் அக்கறை உள்ளவர்களுக்கு அந்தச் சண்டை முக்கியம். ஆனால் அந்த இரவு வந்துவிட்டால், பட்டப்பகல் வெளிச்சத்திலேயே எல்லாம் நடக்கிறது என்ற படத்தின் கட்டு சற்றே தளர்ந்துவிடுகிறது. முதல்முறை 147 நிமிட வடிவையே பாருங்கள். மற்றதை, படம் பிடித்துப்போனவர்கள் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.